கையில் கொடுக்காத ஊறுகாய்

புதன்கிழமை காலை குளியலறைக்குப் போன திவ்யலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கெட் இரண்டும் தனித்தனியாக இருந்தன.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். அந்த அறைக்கு வந்த மறுநாளிலிருந்து அவளுடைய சிவப்பு பக்கெட்டும் ஜெபமலரின் நீல பக்கெட்டும் ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் இருக்கும். "உங்க பக்கெட்டுக்குக் கல்யாணம் கழிஞ்சாச்சு" என்று அறையின் மூன்றாவது பெண் சபீனா கேலி செய்யாத நாள் கிடையாது. இப்போது நீலம் ஜன்னலுக்குக் கீழே. சிவப்பு கதவுக்குப் பின்னால்.

"ஜெபா, பக்கெட்டை நீயா நகர்த்தினே?"

தலை துவட்டிக்கொண்டிருந்த ஜெபமலர் திரும்பவில்லை. "ஆமா. அவங்கவங்க சாமான் அவங்கவங்ககிட்ட இருக்கட்டும்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, அவள் தனியாக வகுப்புக்குப் போய்விட்டாள். தினமும் "வாட்டி, லேட் ஆகுது" என்று இவள் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவள்! திவ்யாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஜெபமலர் மனம் மாறாவிட்டால் எல்லாம் போச்சு.

கேரளத்தில் கழக்கூட்டம் என்ற இடத்தைத் தாண்டி இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வருடப் பிள்ளைகள், வீடு திருவனந்தபுரத்துக்குள்ளேயே இருந்தாலும், விடுதியில்தான் தங்க வேண்டும். ஓணம் விடுமுறை வரைக்கும் மூன்று கட்டில் அறை. யாரோடு யார் என்று நிர்வாகம் தீர்மானிக்கும். ஓணம் முடிந்து வந்தால் இரண்டு கட்டில் அறை. அதற்கு ஜோடியை அவர்களே பார்த்துக்கொண்டு, இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து மேட்ரனிடம் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஜோடி சேராத பிள்ளைகளை மேட்ரன் எலிசாள் எங்கே கட்டில் காலியோ அங்கே தள்ளிவிடுவார். படிப்பு முடிகிற வரை பெரும்பாலும் அந்த ஜோடி மாறுவதில்லை.

ஜூலையில் வந்த முதல் நாள் திவ்யாவுக்கு அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார ஒரு இடம் இருக்கவில்லை. சென்னை, கோயம்புத்தூர் பெண்கள் ஒரு மேஜை. அங்கே போய் உட்கார்ந்து, "சாம்பார் கொள்ளாமே" என்று சொல்லிவிட்டாள். நன்றாயிருக்கிறது என்றுதான் சொன்னாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். "கேரளா பொண்ணாப்பா நீ? தமிழ் சூப்பரா பேசுறியே!" என்று ஒருத்தி பாராட்டு வேறு. மலையாளப் பெண்களின் மேஜைக்குப் போனால், "நாட்டில் எவிடெயா?" என்று சொந்த ஊரைக் கேட்டார்கள். இதே ஊர், ஸ்ரீவராகம் என்றாள். "அதல்ல, தமிழ்நாட்டில்?" அவளுக்குத் தெரிந்த நாடு ஸ்ரீவராகம்தான். அவள் தாத்தாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து இங்கே கோவில் வேலைக்கு வந்தார் என்பது அவள் அப்பா பத்மகுமாருக்கே தெரியாது.

அப்படித் தட்டோடு முழித்துக்கொண்டு நின்றபோதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். "ஏட்டி, நீ கிழக்கேகோட்டை ஸ்டாண்டில நிக்குற பச்சை யூனிஃபார்ம்தானே?"

ஜெபமலர். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில் வேலை பார்க்கும் திரவியத்தின் மகள். அப்பாவுக்குச் சொந்த ஊர் திசையன்விளை, மகள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். பள்ளிக்கூட நாளெல்லாம் இரண்டு பெண்களும் ஒரே பஸ் ஸ்டாண்டில் நின்று, பேசாமலே பார்த்துக்கொண்டு, வேறு வேறு பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறார்கள். விசாரித்தால் அறையும் ஒன்று! பக்கெட் கொண்டுவர மறந்த திவ்யாவுக்கு அடுத்த நாளே திரவியம் கடையிலிருந்து சிவப்பு பக்கெட் வந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே மேஜை, ஒரே பெஞ்சு. ஓணத்துக்குப் பிறகு ஒரே அறை என்று பேசிவைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

இப்போது என்னவென்றால், பக்கெட் பிரிந்துவிட்டது.

திவ்யா யோசித்தாள். ஒருவேளை அலாரமோ? அதிகாலையில் அவள் ஃபோன் அலறுவதை ஜெபமலர் சகித்துக்கொண்டிருந்தாள், அலுத்துப்போயிருக்கும். அலாரத்தை எடுத்துவிட்டாள். வியாழக்கிழமை முதல் வகுப்பைத் தவறவிட்டாள். குளியலறை ஓட்டையில் சேரும் தலைமுடியோ? எல்லாவற்றையும் குச்சியால் எடுத்து, தரையைத் தேய்த்துக் கழுவினாள். ஜெபமலர் கழுவின தரையைப் பார்த்தாள், குளித்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான்.

சரி, சாப்பாட்டால் வழிக்குக் கொண்டுவரலாம் என்று கேன்டீனில் சூடாகப் பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஜெபமலர் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தான். வச்சிருக்கேன், எடுத்துக்கோ" என்று அவள் மேஜைமேல் வைத்தாள்.

ஜெபமலர் பொட்டலத்தைப் பார்த்தாள். திவ்யாவின் கையைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே போனாள். மத்தியானம் வந்து பார்த்தபோது பழம்பொரியை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் திவ்யா வீட்டுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தவளைச் சபீனா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா வழியில் கடையநல்லூர், வளர்ந்தது கொல்லம். தமிழையும் மலையாளத்தையும் ஒரே மூச்சில் பேசுவாள். அவளுக்கு இந்த ஜோடிப் பிரச்சனை இல்லை. பக்கத்து பிளாக்கில் சித்தி மகள் இருந்தாள்.

"எடீ திவ்யா, ஒண்ணு கேக்கட்டா? தேஷ்யப்பட்டுக் கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நீ எப்பவாவது அவ கையில எதையாவது குடுத்திருக்கியா?"

"குடுத்திருக்கேனே! பழம்பொரி, ஊறுகாய், சார்ஜர்…"

"கையில?"

திவ்யா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

"என் கையிலயும் தந்ததில்ல" என்றாள் சபீனா. "நான் விட்டுட்டேன். வட்டு கேஸ், கிறுக்காக்கும்னு நினைச்சேன். ஆனா அவ அப்படி நினைக்கல. நீங்க அக்ரஹாரத்துக்காரங்க, தொட மாட்டீங்கன்னு நினைச்சிருக்கா."

திவ்யாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெரிய பாறை ஒன்று நெஞ்சிலிருந்து உருண்ட மாதிரி இருந்தது. "அட ராமா! அதுதானா விஷயம்!"

விஷயம் இதுதான். திவ்யாவின் அத்தை மகள் ஒருத்தி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ரூம்மேட்டோடு சண்டை போட்டு, படிப்பையே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள். அதனால் திவ்யா பெட்டி கட்டுகிறபோதே அம்மா பார்வதி சொல்லியிருந்தாள்: "உப்பு, எண்ணெய், மிளகாய், கத்திரிக்கோல், இதெல்லாம் யார் கையிலேயும் குடுக்காதே கொழந்தே. சண்டை வரும். வச்சுட்டு, எடுத்துக்கோன்னு சொல்லு." கணினிப் பொறியியல் படிக்கப் போகிற திவ்யா அப்போது சிரித்தாள். ஆனால் ஜெபமலர் கிடைத்த பிறகு சிரிக்கத் தைரியம் வரவில்லை. இவளோடு சண்டை வந்துவிட்டால்? எதற்கு வம்பு என்று உப்பைக் கீழே வைத்தாள். உப்பை வைத்தவள் தோசையையும் வைத்தாள். தோசையை வைத்தவள் கால்குலேட்டரையும் வைத்தாள். கடைசியில் அது கைப்பழக்கமாகிவிட்டது. பக்தி என்று சொல்ல முடியாது, ஹெல்மெட் போடுகிற மாதிரி ஒரு பாதுகாப்பு. ஊறுகாயிலோ உப்பு, எண்ணெய், மிளகாய் மூன்றும் இருக்கிறது, கேட்கவே வேண்டாம்!

மொட்டை மாடியில் ஜெபமலர் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே முற்றத்தில் சீனியர் பெண்கள் ஓணத்துக்காகக் கைகொட்டி ஆடும் திருவாதிரைக்களி நடனம் பழகிக்கொண்டிருந்தார்கள். திவ்யா மூச்சு வாங்க ஓடிப்போய், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை மகள், அம்மா, கத்திரிக்கோல், எல்லாம். சொல்லிவிட்டு, ஜெபமலர் சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

ஜெபமலர் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "உப்பு கையில குடுக்க மாட்டாங்க. எங்க வீட்டிலயும் அப்படித்தான். எனக்கு அறியாதா?"

"அப்புறம் என்னடி!"

"சார்ஜர கையில குடுத்தா என்னட்டி சண்டை வரும்? ஷாக்கடிக்குமோ?"

"அதான் சொன்னேனே, பழகிப்போச்சு. உன்னோட சண்டை வரக்கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணினேன், ஜெபா. சத்தியமா."

ஜெபமலரின் முகம் ஒரு நொடி இளகியது. பிறகு மறுபடி இறுகியது. "செரி. நீ சொல்றத நம்புறேன்னு வை. அப்போ பேப்பர் கப்பு?"

"எந்தப் பேப்பர் கப்பு?"

"பாத்தியா, நீ கவனிக்கக்கூட இல்ல." ஜெபமலர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தேனே. உனக்கு டம்ளர்ல காப்பி. உங்க அப்பாவுக்கு டம்ளர்ல காப்பி. நடுவுல எதிர்வீட்டு மாமி ஒருத்தங்க வந்தாங்க, அவங்களுக்கும் டம்ளர்தான். எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. சின்ன கப்பு. ரெண்டு நாள் மனசுக்குள்ளயே போட்டுப் புழுங்கினேன்."

"விருந்தாளிக்குச் சுத்தமா இருக்கட்டுமேன்னு…"

"ஏட்டி, எங்க அப்பா கடையில பிளாஸ்டிக் மட்டும் இல்ல, பேப்பர் கப்பும் உண்டு. லீவுக்குக் கடையில நின்னிருக்கேன். கல்யாணத்துக்கு வாங்குறவங்க பெரிய கப்பு கேப்பாங்க. உங்க தெருப்பக்கமிருந்து வருவாங்கல்லா, அவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? 'வேலைக்கு வரவாளுக்குக் குடுக்க சின்னதா இருக்கா?' நான்தான் எடுத்துக் குடுப்பேன். அந்தக் கப்பு எனக்கே வந்து நிக்கும்னு நான் நினைக்கல."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

திவ்யா அங்கேயே நின்றாள். வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் பேப்பர் கப்புகள் அடுக்கியிருப்பது ஞாபகத்துக்கு வந்தது. வாசல் பெருக்கும் பகவதியம்மாளுக்குத் தினமும் அதில்தான் காப்பி. பிறந்ததிலிருந்து பார்க்கிற ஜன்னல், பார்க்கிற அடுக்கு. ஏன் என்று கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பார்த்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

ஃபோனை எடுத்தாள்.

"சாப்பிட்டியாடி?" என்றாள் அம்மா.

"அம்மா, அன்னிக்கு ஜெபாவுக்கு ஏன் பேப்பர் கப்புல காப்பி குடுத்தே?"

"எந்த ஜெபா? ஓ, அந்தப் பொண்ணா. டம்ளர் ஒண்ணும் கழுவலை, அதான்."

"எதிராத்து மாமிக்கு டம்ளர் இருந்ததே?"

பின்னால் குக்கர் விசிலடித்தது. "நீ என்ன, போலீஸ்காரி மாதிரி கேக்கறே? நான் ஒண்ணும் வேணும்னு பண்ணலை. கை அதைத்தான் எடுத்தது."

கை அதைத்தான் எடுத்தது! திவ்யா ஃபோனை வைத்துவிட்டாள். இதே பதிலைத்தானே சற்று முன்பு அவள் ஜெபமலரிடம் சொன்னாள். தன் கையும் சண்டை வராமலிருக்கத்தான் கீழே வைத்ததா, அல்லது அம்மாவின் கை எடுத்த மாதிரியே வைத்ததா? சபீனாவின் கையிலும் கொடுத்ததில்லை. எதிர்வீட்டு மாமி கையில் கொடுத்திருக்கிறாளா? கொடுத்திருக்கிறாள். ஆனால் அது ஹாஸ்டலுக்கு வருவதற்கு முன்னால். இல்லை, போன ஞாயிற்றுக்கிழமைகூட அந்தக் காப்பி டம்ளரை மாமி கையில் கொடுத்தவள் அவள்தானே? காப்பியில் உப்பு இல்லையே, அதனாலா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு முடிந்ததும் பெண்கள் ஜோடி ஜோடியாக மேட்ரன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜெபமலர் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆதிரா என்ற மலையாளப் பெண் ஜோடி சேர வருகிறாயா என்று அவளிடம் கேட்டு, "அஞ்சு மணிக்குள்ள பறயணே" என்று பதிலுக்குக் கெடு வைத்துவிட்டுப் போனாள்.

திவ்யா போய் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"டம்ளர் கழுவலைன்னா. அப்புறம், கை அதைத்தான் எடுத்ததுன்னா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலை. வச்சுட்டேன்."

ஜெபமலர் மூக்கால் சிரித்தாள். "ஃபோனையுமா? உனக்கு எதையும் வச்சுத்தான் பழக்கம்."

அடி சரியாக விழுந்தது. ஆனாலும் அவள் கேலி செய்தாளே என்று திவ்யாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். "இனிமே நீ எங்காத்துக்கு வந்தா நானும் பேப்பர் கப்புலதான் குடிப்பேன். அப்பாவையும் குடிக்கச் சொல்றேன்."

"போ, ஏட்டி! நீ பேப்பர் கப்புல குடிச்சா எனக்கு என்ன லாபம்? எங்க கடைக்கு வேணா லாபம். எனக்கு டம்ளர் வேணும்."

"வாங்கித் தரேன்."

"புதுசு வேண்டாம். நீ குடிக்கிற டம்ளர்."

அதைத் திவ்யா எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? சமையலறை அம்மாவுடையது. ஜெபமலர் மணியைப் பார்த்தாள். எழுந்திருக்கப் போகிற மாதிரி கையைப் படியில் ஊன்றினாள். வேறு எதுவும் தோன்றாமல் திவ்யா ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, ஓணத்துக்கு ஜெபாவைக் கூட்டிண்டு வரேன்."

"கூட்டிண்டு வாயேன். யார் வேண்டாம்னா?"

"காப்பி டம்ளர்ல குடுப்பியா?"

அம்மா தந்திரமாக, "ஓணத்தன்னிக்கு யாராவது காப்பி குடிப்பாளோ? பால்பாயசம் பண்றேன். பாயசம் கிண்ணத்துலேன்னா?"

ஜெபமலர் குனிந்து திவ்யாவின் காதில், "எந்தக் கிண்ணம்னு கேளு" என்றாள்.

"எந்தக் கிண்ணம்?"

"என்னடி இது, எந்தக் கிண்ணம்னா! நோக்குக் குடுக்கற வெள்ளிக் கிண்ணம்தான். ஆத்துல அந்த ஜோடி ஒண்ணுதானே பாயசத்துக்கு இருக்கு. உன்கூடப் படிக்கிற பொண்ணு. அன்னிக்கே மனசுக்கு என்னமோ மாதிரிதான் இருந்தது. மாமி உக்காந்திருந்தாளா, அவ போய்த் தெருவெல்லாம்…" அம்மா நிறுத்தினாள். "ஏன்டி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? எதிரொலிக்கறதே."

"ஆமா."

"அந்தப் பொண்ணு இருக்காளா?"

"இருக்கா."

"சொல்ல வேண்டாமாடி மூதேவி!"

"அம்மா, பகவதியம்மாளுக்கு?"

"அடுப்புல பால் இருக்கு" என்று அம்மா வைத்துவிட்டாள்.

ஜெபமலர்தான் முதலில் பேசினாள். "நான் இருக்கேன்னு அறியுறதுக்கு முன்னாலதான் வெள்ளிக் கிண்ணம்னு சொன்னாங்க. இல்லியா?"

"ஆமாம். முன்னாலதான்."

"அதை நான் கவனிச்சேன்." பிறகு, "பகவதியம்மாளுக்கு ஒண்ணும் சொல்லல. அதையும் கவனிச்சேன்."

"நானும்" என்றாள் திவ்யா. "எனக்கு ஒண்ணுமே புரியலை, ஜெபா. அம்மாவும் புரியலை. என் கையும் புரியலை."

"எனக்கு மட்டும் எல்லாம் புரிஞ்சு வழியுதாக்கும்" என்றாள் ஜெபமலர். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். திவ்யா எந்தப் பக்கம் என்று பயந்து பார்த்தாள். ஆதிரா இருந்த பிளாக் இடதுபக்கம், மேட்ரன் அறை வலதுபக்கம். ஜெபமலர் வலதுபக்கம் இரண்டு எட்டு வைத்துத் திரும்பினாள். "என்னட்டி உக்காந்திருக்க? எலிசாள் மேடம் பூட்டிட்டுப் போயிருவாங்க. வழியில ஆதிராகிட்ட நீதான் ஸாரி சொல்லணும்."

மேட்ரன் எலிசாள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். "இப்பத்தான் வர்றதா? ஊர்க்காரிக ரெண்டு பேரும் கடைசி! யாரு யாரோட?"

"நானும் இவளும்" என்றாள் ஜெபமலர்.

"செரி, ரெண்டு பேரும் கையெழுத்து."

திவ்யா கையெழுத்துப் போட்டாள். முடித்து, பேனாவை ஜெபமலருக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்து, "எடுத்…" என்றாள்.

ஜெபமலர் பேனாவை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தாள். எலிசாள் ஒன்றும் புரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

திவ்யாவுக்குக் காது வரை சிவந்தது. பேனாவை மறுபடி எடுத்தாள். ஜெபமலரின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கிவிட்டாள்.

"சண்டை வருமே" என்றாள் ஜெபமலர்.

"வரட்டும். ரூமுக்குள்ளேயே போட்டுக்கலாம்."

ஜெபமலர் குனிந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். "அந்த ஊறுகாய் பாட்டில மட்டும் மறுபடி முதல்ல இருந்து கையில குடு" என்றாள், நிமிராமலே.